சோம்பல் அன்று, நோயின் மிச்சம்

காய்ச்சல் விட்ட மறுநாளே பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்து வயலுக்கு அனுப்பும் தகப்பன் நம் காவிரிக் கடைமடைப் பகுதியில் எவனும் இல்லை. கஞ்சி கொடுத்து, வெந்நீர் கொடுத்து, "இன்னும் பத்து நாள் போகட்டும், உடம்பு தேறட்டும்" என்று காத்திருப்பார்கள். கால் எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவனை அன்றைக்கே ஓடச் சொல்வாரும் இலர். உடலின் நோய்க்கு இவ்வளவு பொறுமை காட்டும் நம் குடும்பங்கள், மனத்தின் நோய் கண்டு தேறியவருக்கு மட்டும் அப்பொறுமையை ஏனோ மறுத்துவிடுகின்றன.

எடுத்துக்காட்டாக ஓர் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்திக் கொள்வோம். முப்பது வயது மகன். படித்தவன், ஒரு கடையில் கணக்கு எழுதியவன். சில மாதங்களுக்கு முன் இரவெல்லாம் உறக்கமின்றி, ஓயாது பேசி, கையிலிருந்த பணத்தையெல்லாம் வாரியிறைத்து, வீட்டாரைக் கலங்க வைத்தான். மருத்துவமனையில் சேர்த்தார்கள்; மருந்து கொடுத்தார்கள். இப்போது கூச்சல் இல்லை, அழுகையும் இல்லை. வேளைக்கு உண்கிறான், உறங்குகிறான். "கடவுள் புண்ணியத்தில் சரியாகிவிட்டது" என்று தாய் பெருமூச்சு விடுகிறாள்.

ஆனால் மூன்று பொருள் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினால் இரண்டோடு திரும்புகிறான். செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்து போகிறது. கணக்கேட்டில் கூட்டல் தவறுகிறது. முதலாளி முகம் சுளிக்கிறார். "எந்த வேலையை முதலில் செய்வது?" என்று தெரியாமல் காலையிலிருந்து நண்பகல் வரை திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறான். "நோய்தான் தீர்ந்துவிட்டதே, இன்னும் என்ன? சோம்பேறித்தனம்!" என்கிறார் தந்தை. "நடிக்கிறார்" என்கிறாள் மனைவி. நாளடைவில் அவனும் அதையே நம்பத் தொடங்குகிறான்.

அன்பார்ந்த வாசகர்களே, அவன் சோம்பேறியும் அல்லன், நடிகனும் அல்லன். அவனுடைய நோயின் ஒரு பகுதி இன்னும் தீரவில்லை. அதற்கும் இன்று ஒரு பயிற்சி உண்டு என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம்.

இருமுனை நோய் என்பது யாது?

சில காலம் மனம் அளவுக்கு மீறிப் பொங்கி எழுவதும், சில காலம் அளவுக்கு மீறி ஆழ்ந்து தாழ்வதும், இவற்றுக்கு இடையே அமைதியான காலங்கள் வந்து போவதும் இந்நோயின் இயல்பு. பொங்கும் காலத்தில் நோயாளிக்கு உறக்கம் தேவைப்படுவதில்லை. தம்மால் ஆகாதது எதுவுமில்லை என்று எண்ணுகிறார். கடன் வாங்குகிறார், சண்டையிடுகிறார். தாழும் காலத்தில் படுக்கையை விட்டு எழவும் வலுவின்றி, வாழ்வே வேண்டாம் என்னும் அளவுக்குச் சோர்ந்து போகிறார். இரு முனைகளுக்கும் இடையே மனம் ஊசலாடுவதால் இதனை இருமுனை நோய் என்கின்றனர்.

இது புதிதாக முளைத்த நோயன்று. 1854-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த ஃபால்ரே, பய்யார்ஜே என்னும் இரு மருத்துவர்கள் இவ்வெழுச்சியும் வீழ்ச்சியும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று எடுத்துரைத்தனர். ஃபால்ரே இதற்கு 'சுழலும் பித்து' என்று பொருள்படும் பெயரை இட்டார். அக்காலத்தில் நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. ஆயினும் அந்தப் பாரிஸ் அறிவு நம் சிற்றூர்களை எட்டவில்லை. பேய் பிடித்தது என்றும், செய்வினை என்றும், ஏழரைச் சனி என்றும் சொல்லியே நம் முன்னோர் காலங்கழித்தனர். இன்றும் அப்படிச் சொல்வோர் உண்டு.

2015, 2016-ஆம் ஆண்டுகளில் பெங்களூரு தேசிய மனநல நிறுவனமாகிய நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் இந்நோய்க்கு ஆளாகியிருந்தது அதில் தெரிய வந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி காரைக்கால் மாவட்டத்தில் இரண்டு இலட்சம் பேர் வாழ்ந்தனர். அந்த அளவை இங்கே பொருத்திப் பார்த்தால், நம்மிடையே பல நூறு குடும்பங்கள் இந்நோயை அறிந்திருக்க வேண்டும். நம் பங்கிலும், நம் தெருவிலும் இருக்கிறார்கள். வெளியே சொல்லாதிருக்கிறார்கள், அவ்வளவே.

புயல் ஓய்ந்த பின் எஞ்சுவது

கடற்கரையில் வாழும் நமக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. புயல் ஓய்ந்த மறுநாள் கடல் அமைதியாகவே இருக்கும். ஆனால் கரையில் கிடக்கும் படகின் பலகை பிளந்திருக்கும், வலை கிழிந்திருக்கும். கடல் அமைதியாகிவிட்டது என்பதற்காக அந்தப் படகைத் தள்ளிக்கொண்டு போய் மீன் பிடித்துவா என்று எவரேனும் சொல்வாரா?

இருமுனை நோயாளிகள் பலருக்கு, மனநிலை நேரான பின்னும் சில திறன்கள் மங்கியே நிற்கின்றன என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் தெளிவாக்கியுள்ளன. அவற்றுள் முதன்மையானவை நான்கு. ஒன்று, கவனம்: ஒரே பொருளில் மனத்தை நிறுத்துவது. இரண்டு, நினைவு: கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் ஏந்தி, அதைக்கொண்டு வேலை செய்வது. மூன்று, விரைவு: பிறர் சொல்வதை உடனுக்குடன் உள்வாங்குவது. நான்கு, திட்டமிடும் திறன்: எதை முதலில், எதைப் பின்னர் என்று வரிசைப்படுத்துவதும், ஒரு வழி அடைபட்டால் மறு வழி தேடுவதும் ஆகும்.

எல்லோருக்கும் இக்குறை வருவதில்லை. சிலர் நோய்க்குப் பின்னும் முன்போலவே சிறந்து விளங்குகின்றனர். சிலருக்கோ மிகுதியாக வருகிறது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்க்கு இக்குறை மிகுந்து காணப்படுகிறது. உறக்கக் குறைவும், முற்றும் நீங்காத மனச்சோர்வும் இதனைப் பெருக்குகின்றன. சில வேளை மருந்தின் மயக்கமும் ஒரு காரணமாகலாம். அப்போது மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

அறிவு குன்றிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. படித்த படிப்பும், கற்ற தொழிலும், நல்லது கெட்டது அறியும் தெளிவும் உள்ளே அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுத்தாளும் கருவிகள்தாம் மழுங்கியிருக்கின்றன. மழுங்கிய அரிவாளைத் தீட்டலாம் அல்லவா?

திரைக்குள் ஒரு சிற்றூர்

தீட்டலாம் என்னும் எண்ணம் போர்க்களத்துக் காயங்களிலிருந்து வலுப்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது உரூசிய உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா, யூரல் மலைப் பகுதியில், தலையில் குண்டடிபட்ட போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்தார். மூளையின் ஒரு பகுதி சிதைந்தாலும், அது செய்த வேலையை மற்றொரு வழியாகச் செய்யக் கற்பிக்கலாம் என்று அவர் கண்டார். பாலம் உடைந்தால் சுற்றுவழியாக ஊர் போய்ச் சேர்வதைப் போன்றது இது. பின்னர் அந்த அறிவு மனநோயாளிகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. இப்பயிற்சியைச் சிந்தனைத்திறன் சீரமைப்புப் பயிற்சி என்று தமிழில் சொல்லலாம். தொடக்கத்தில் தாளும் பென்சிலும் கொண்டே இது நடைபெற்றது. இன்று கணிப்பொறியும் துணைக்கு வந்திருக்கிறது.

இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர்கள் டில் வைக்ஸ், கிளேர் ரீடர் என்னும் இருவர் 'சர்க்யூட்ஸ்' என்று பெயரிட்ட ஒரு கணிப்பொறிப் பயிற்சியை வகுத்தளித்தனர். முதலில் மனச்சிதைவு நோயாளிகளுக்கென உருவான இது, பிறகு இருமுனை நோயாளிகளிடமும் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் அமைப்பு நம் உள்ளத்தைக் கவர்வது. திரையில் ஒரு சிற்றூர் தோன்றுகிறது. அதன் கட்டிடங்களுக்குள் பயிற்சிகள் காத்திருக்கின்றன. சில வெறும் எண்களும் வடிவங்களும் கொண்டவை; மற்றவை சாமான் வாங்குவது, பயணத்திற்குத் திட்டமிடுவது போன்ற அன்றாட வாழ்க்கையின் சிறு வேலைகள்.

இதில் கவனிக்கத்தக்க சிறப்பு ஒன்று உண்டு. வேலையைத் தொடங்குமுன் பயிற்சியாளர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். இது எனக்கு எவ்வளவு கடினமாயிருக்கும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்? எந்த உத்தியைக் கையாளப் போகிறேன்? உத்திகளும் எளியனவே. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யலாம்; பெரிய பட்டியலைச் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கலாம்; தாளில் குறித்துக் கொள்ளலாம்; தேவையற்றதை மறைத்து வைக்கலாம். வேலை முடிந்த பின் மறுபடியும் கேள்விகள்: நான் எண்ணியதற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வேறுபாடு? எந்த உத்தி உதவியது? இதே உத்தியை நாளை வீட்டில் எங்கே பயன்படுத்துவேன்?

இவ்வாறு தன் சிந்தனையைத் தானே நின்று நோக்கும் பழக்கம் இப்பயிற்சியின் உயிர்நாடி. பயிற்சி மிக எளிதில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கடினமாகிறது. தோல்வியால் மனம் உடையாதபடி, பெரும்பாலும் வெற்றி கிட்டும் அளவிலேயே வேலைகள் வகுக்கப்படுகின்றன. நோயாளியின் அருகே பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்து வழிகாட்டுகிறார். கணிப்பொறி ஒரு சிலேட்டுப் பலகை; கற்பிப்பவர் அருகே அமர்ந்திருக்கும் மனிதர்தாம்.

ஆய்வுகள் கற்பிக்கும் பாடம்

இதனால் உண்மையில் பயன் உண்டா? மூன்று நாடுகளில் நடந்த மூன்று ஆய்வுகளைக் காண்போம்.

இலண்டனில், மனநிலை சீராயிருந்த 60 இருமுனை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வழக்கமான மருத்துவத்தோடு 12 வாரம் கணிப்பொறிப் பயிற்சி அளித்தனர். 2021-ஆம் ஆண்டு இதழில் வெளிவந்த முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களிடம் சிந்தனைத் திறனில் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட இலக்குகளை எட்டுவதிலும் முன்னேறினர். 60 பேர் என்பது சிறு எண்ணிக்கையே. ஆகவே இன்னும் பெரிய அளவில் மற்றோர் ஆய்வும் அங்கே தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில் மக்லீன் மருத்துவமனையில் 72 நோயாளிகளிடம் மற்றோர் ஆய்வு நடந்து 2017-இல் வெளியானது. அங்கே கணிப்பொறிப் பயிற்சி 24 வாரங்களில் 70 மணி நேரம் அளிக்கப்பட்டது. நினைவு, விரைவு முதலியவற்றின் தேர்வுகளில் மதிப்பெண்கள் உயர்ந்தன. ஆறு மாதம் கழித்தும் அவ்வுயர்வு பெரிதும் நிலைத்திருந்தது. ஆனால் தொழில், உறவு, வீட்டுப் பொறுப்பு ஆகிய அன்றாட வாழ்வு, அந்தப் பயிற்சியினால் மட்டும் தானாக மாறிவிடவில்லை.

ஸ்பெயினில் பார்சிலோனா நகர மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வோ வேறு வழியில் சென்றது. 239 நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சிறு குழுக்களாக அமர்த்தி, 21 வாரங்கள், வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம் பயிற்றுவித்தனர். நாட்குறிப்பு வைப்பது, வேலையைப் பகுத்துச் செய்வது, பெயர்களை நினைவில் இருத்துவது என்று எல்லாம் வாழ்க்கையோடு ஒட்டிய பயிற்சிகள். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் அன்றாட வாழ்க்கையில் முன்னேறினர்.

இம்மூன்றையும் இணைத்துப் பார்த்தால் நாம் கற்கும் பாடம் என்ன? கணிப்பொறி மட்டும் மதிப்பெண்ணை உயர்த்துகிறது. அங்கே கற்ற உத்தியைக் கையோடு பிடித்து அடுக்களைக்கும் கடைத்தெருவுக்கும் கொண்டுவந்து சேர்க்க ஓர் ஆள் வேண்டும். வீட்டார் இல்லாமல் இது நிறைவுறாது.

நம் நாட்டில்

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் பேராசிரியை ஷோபினி ராவ் முதலியோர், பல்லாண்டுகளுக்கு முன்பே தலைக்காயம் பட்டவர்களுக்கு இத்தகைய பயிற்சிகளை வகுத்தனர். அவர்கள் கையாண்ட கருவிகளுள் ஒன்றைக் கேட்டால் நம் தாய்மார்கள் புன்னகை புரிவார்கள். தானியம் பிரித்தல்! பல வகைத் தானியங்களை ஒன்றாகக் கலந்து வைத்து, வகை வகையாகப் பிரிக்கச் சொல்வது. அதற்கு ஆகும் நேரத்தைக் குறிப்பது. எழுத்துகள் நிறைந்த தாளில் குறிப்பிட்ட எழுத்தை மட்டும் தேடி அடிப்பது மற்றொன்று. 2012-ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தார், மனச்சிதைவு நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களுக்கு வீட்டிலேயே இரண்டு மாதம் இத்தகைய பயிற்சியை அளித்து, சில சிந்தனைத் திறன்கள் முன்னேறியதாக வெளியிட்டனர். அது வேறொரு நோயைப் பற்றியதெனினும், இந்திய வீட்டுக்குள், குடும்பத்தார் துணையோடு இப்பயிற்சி நடைபெறக்கூடும் என்பதற்கு அது சான்று.

நம் தமிழகத்தில், சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையைப் பல்லாண்டு நிர்வகித்தவரும், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவருமான டாக்டர் சாரதா மேனன், 1984-ஆம் ஆண்டில் ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மருந்தோடு மறுவாழ்வும் வேண்டும் என்பதே அதன் கொள்கை. அந்நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதனுள் அமைந்த திரையின் வழியாகச் சென்னையிலிருந்த மனநல மருத்துவர்கள் கிராமத்து நோயாளிகளோடு பேசினர். தொலைதூரத்தையும் திரை குறைக்கக்கூடும் என்பதை அவ்வண்டி மெய்ப்பித்தது.

காரைக்காலில் வாழும் நாம் எங்கே செல்வது? நம் மாவட்டத்தில் அரசுப் பொது மருத்துவமனை உண்டு; 2016-ஆம் ஆண்டு முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரிக் கிளையும் இங்கே செயல்படுகிறது. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை மனநலப் பிரிவோடு விளங்குகிறது. மருத்துவரைக் காணும்போது, "தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறாரா?" என்பதற்கு மட்டும் விடை சொல்லித் திரும்பி விடாதீர்கள். "இவர் மறதியால் வருந்துகிறார், வேலையில் கவனம் நிற்கவில்லை, சிந்தனைத் திறனைச் சோதித்துப் பார்க்க முடியுமா? அதற்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்காததால் கிடைக்காமல் போவது பல. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. அதில் தமிழிலும் பேசி ஆலோசனை பெறலாம். வாழ்வே வேண்டாம் என்னும் சொல் ஒருவர் வாயில் வந்தால், அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

முறமும் தானியமும்

மருத்துவரின் ஒப்புதலோடு, மனநிலை அமைதியாயிருக்கும் காலத்தில், வீட்டிலும் சிலவற்றைச் செய்து வரலாம். இவை மருத்துவமனைப் பயிற்சிக்கு ஈடாகா, அதற்குத் துணையாகும்.

முதலாவது, ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில் இருபது அல்லது முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். களைப்புத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, முறத்தில் உளுந்து, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, துவரை ஆகியவற்றில் ஒவ்வொரு பிடி கலந்து, பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் இரண்டு வகை போதும். பிறகு மூன்று, நான்கு எனக் கூட்டுங்கள். ஆகும் நேரத்தை அவரே ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். நேற்றைய அவரோடு இன்றைய அவரை ஒப்பிடலாமே தவிர, அண்ணனோடும் தம்பியோடும் ஒப்பிடலாகாது.

மூன்றாவது, சந்தைக்குச் செல்லுமுன் பட்டியலைச் சேர்ந்து வகைப்படுத்துங்கள். மீன் கடையில் இரண்டு, மளிகைக் கடையில் நான்கு, மருந்துக் கடையில் ஒன்று என்று பிரித்தால் ஏழு பொருளும் நினைவில் நிற்கும். பட்டியல் சட்டைப் பையில் இருக்கட்டும். பாராமல் வாங்கி முடித்து, பிறகு எடுத்துச் சரிபார்க்கட்டும்.

நான்காவது, எந்த வேலைக்கும் முன்னும் பின்னும் அந்தக் கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு நேரம் ஆகும்? எந்த வழியில் செய்வாய்? முடிந்த பின், எது உதவியது? ஆசிரியர் தேர்வு வைப்பதுபோல் கேட்காமல், உடன் உழைக்கும் தோழர்போல் கேளுங்கள்.

ஐந்தாவது, கற்றதை உண்மையான ஒரு பொறுப்பில் பயன்படுத்தச் செய்யுங்கள். மின்கட்டணம் செலுத்தும் நாளைக் கவனிப்பது, பால் கணக்கு எழுதுவது, தங்கையின் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என ஏதேனும் ஒன்று போதும். சிறிய பொறுப்பு ஒன்றை முழுமையாக நிறைவேற்றியவர் நிமிர்ந்து நடப்பார்.

மறக்கலாகாத எச்சரிக்கைகள்

பயிற்சி தொடங்கிவிட்டதால் மருந்தை நிறுத்தலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். 1949-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேடு, லித்தியம் என்னும் உப்பு இந்நோயின் எழுச்சியைத் தணிக்கும் என்று வெளியிட்டார். இன்றும் அது முதன்மையான மருந்துகளுள் ஒன்று. மருந்தே படகைக் கட்டி வைக்கும் நங்கூரம். நங்கூரமின்றிப் பலகையைச் செப்பனிட இயலாது. நோய் மறுபடி வந்தால் பயிற்சியால் பெற்றதும் கரைந்து போகும்.

லித்தியம் உட்கொள்வோர்க்குக் கடற்கரை வெயில் குறித்து ஒரு சொல். மிகுதியாக வியர்த்து நீர் வற்றினாலும், வயிற்றுப்போக்கு கண்டாலும், உப்பைத் திடீரெனக் குறைத்தாலும், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு கூடி ஆபத்தாகலாம். உடல்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் அதே தீங்கைச் செய்யும். ஆகவே மருத்துவர் குறித்த காலங்களில் இரத்தப் பரிசோதனை தவறலாகாது. தவக்காலத்தில் கடும் நோன்பு மேற்கொள்ளவும், ஆகஸ்டு இறுதியில் நம் ஊர் வழியே வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லவும் விரும்புவோர், முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நோயுற்றோரை நோன்பினின்று திருச்சபையே விலக்கியிருக்கிறது என்பதை நினைவூட்டுகிறோம்.

உறக்கமும் அத்தகையதே. இரவு கண்விழிப்பது இந்நோயாளிக்கு எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். திருமண வீட்டு விழிப்பும், இரவுக் கடல்தொழிலும், முழு இரவுச் செபமும் அவருக்கு ஏற்றவையல்ல. மாலையில் செபித்துவிட்டு, வேளையோடு உறங்கச் செல்லட்டும். இறைவன் அந்த உறக்கத்தையும் செபமாக ஏற்றுக்கொள்வார்.

கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். "மூளையைக் கூர்மையாக்கும்" என்று விளம்பரம் செய்யப்படுபவை எல்லாம் மேற்சொன்ன சிகிச்சை ஆகிவிடா. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க வணிக ஆணையம், 'லூமாசிட்டி' என்னும் மூளை விளையாட்டை விற்ற நிறுவனத்தின்மீது, அதன் விளம்பரங்கள் மக்களை ஏமாற்றுவன என்று குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 20 இலட்சம் டாலர் செலுத்த இசைந்து வழக்கைத் தீர்த்துக் கொண்டது. அருகே வழிகாட்டுவார் இன்றி, வாழ்க்கையோடு தொடர்பின்றி, நள்ளிரவு வரை திரையைத் தேய்ப்பதால் உறக்கம் கெடுமேயன்றி நன்மை விளையாது.

நேர்ச்சையும் மருந்தும்

வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நடுவே மனநோயாளிகளை அழைத்துக்கொண்டு அலையும் குடும்பங்களை நம் பகுதியில் எல்லாச் சமயத்தாரிடமும் காண்கிறோம். அவர்களின் கண்ணீரை நாம் இகழோம். நேர்ச்சை செய்யுங்கள், மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், அன்னையின் பாதத்தில் அழுது மன்றாடுங்கள். ஆனால் நேர்ச்சையின் பெயரால் மருந்தை நிறுத்துவதும், நோயாளியைக் கட்டி வைப்பதும் பக்தி ஆகா. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அவ்வோலம் நாட்டையே உலுக்கியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது.

இரும்புச் சங்கிலியைச் சட்டம் தடுக்கும். சொல்லால் இடும் சங்கிலியை எந்தச் சட்டம் தடுக்கும்? "சோம்பேறி", "நடிப்பு", "தண்டச்சோறு" என்னும் சொற்கள் ஒருவரை வீட்டுத் திண்ணையிலேயே ஆண்டுக்கணக்கில் பிணைத்து வைக்க வல்லவை. அச்சொற்களைக் கேட்டுக் கேட்டு முயற்சியையே கைவிட்டவருக்கு எந்தக் கணிப்பொறியும் உதவாது.

இதில் நம் பங்குகளுக்கும் பணியுண்டு. நம் பங்கு இல்லங்களில் பிள்ளைகள் பயிலக் கணிப்பொறிகள் இருக்கின்றன. பகல் வேளையில் பெரும்பாலும் வெறுமனே கிடக்கின்றன. மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் வழிகாட்ட முன்வந்தால், வாரம் இருமுறை ஓர் அமைதியான அறையைத் திறந்து கொடுப்பது கடினமன்று. வின்சென்ட் தே பவுல் சபையார் மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்திற்கு உதவலாம். அன்பியக் கூட்டங்களில் இந்நோயைப் பற்றி வெளிப்படையாக ஒருமுறை பேசினால், மறைத்து வைத்திருக்கும் குடும்பம் ஒன்றாவது மூச்சுவிடும். பெயரைக் கேட்காமலும், பெண் பார்க்கும் இடத்தில் பேச்சாக்காமலும் இருப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் முதல் உதவி.

கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் மீனவர் வலை பின்னுவதை நாம் கண்டிருக்கிறோம். கிழிந்த வலையை எவரும் திட்டுவதில்லை. மடியில் போட்டுக்கொண்டு, எந்தக் கண் அறுந்தது என்று பார்த்து, ஒவ்வொன்றாக முடிச்சிடுகிறார்கள். பொழுது ஆகிறது, ஆனாலும் வலை மறுபடி கடலுக்குப் போகிறது. இன்று மாலை உங்கள் இல்லத்துப் பிள்ளை மூன்று பொருளில் ஒன்றை மறந்து வந்தால், கோபத்தை விழுங்கிக்கொண்டு, "நாளைக்குச் சேர்ந்து எழுதிக்கொண்டு போவோம், வா" என்று சொல்லிப் பாருங்கள். பயிற்சி அங்கே தொடங்குகிறது.